கணக்கு சரி என்று சொன்னவள்

அறுவை அரங்கில் அவளுக்கு இரண்டு வேலை. டாக்டர் கையை நீட்டும்போது, கேட்பதற்கு முன்பே, சரியான கருவியை அந்தக் கையில் வைக்க வேண்டும். வயிற்றுக்குள் போனதெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் வேலையை அவள் செய்யும் லாவகத்தைப் பற்றிப் பயிற்சி டாக்டர்கள் வரை பேசுவார்கள். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசியதில்லை. தினமும் ஒழுங்காக நடக்கிற ஒன்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அந்த மருத்துவமனையில் அவளுக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. முகம் எந்நேரமும் மாஸ்க்குக்குப் பின்னால் இருப்பதால், ஆபரேஷன் தியேட்டர் ஆட்களுக்கு அவள் என்றால் குரல்தான். கணீரென்று, கொஞ்சம் மூக்கில் வரும். "சிஸ்டர் எண்ணினா வாசல்ல இருக்கிற வாட்ச்மேனுக்கும் கணக்கு தெரியும்" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். அவள் கணவர் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில், மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்த மனிதர் அப்படியே உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. பதினைந்தாம் நாள் அவள் வேலைக்கு வந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் வீட்டுல இருந்திருக்கலாமேடி" என்றாள் தோழி. நர்சிங் படிக்கும்போது ஒரே அறையில் தங்கிய தோழி. இப்போது அதே தியேட்டரில் அவளோடு வேலை.

"வீட்டுல உக்காந்தா அழுகைதான் வரும். இங்க வந்தா கைக்கு ஓய்வில்ல பாரு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

வீட்டில் அவளும் மகளும்தான். அவர் போன மூன்றாவது வருடம் மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். பெரிய சந்தோஷமும் இல்லை, பெரிய குறையும் இல்லை. இப்படியே இருந்திருந்தால் அவளைப் பற்றிச் சொல்வதற்கு இவ்வளவுதான் இருந்திருக்கும்.

வயிற்று ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றியெடுக்க ஒரு துணி வைப்பார்கள். மாப் என்பார்கள். கைக்குட்டையைவிடப் பெரியது, பல மடிப்பாகத் தைத்தது, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக உள்ளே ஒரு நீலக் கோடு ஓடும். ரத்தத்தில் ஊறிவிட்டால் துணி எது, சதை எது என்று சட்டென்று தெரியாது. அதனால்தான் எண்ணுவது. ஆரம்பிக்கும் முன்பும், வயிற்றை மூடும் முன்பும், கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸும் மேசையை விட்டுச் சற்றுத் தள்ளி வெளியே நிற்கும் நர்ஸும் சேர்ந்து வாய்விட்டு எண்ணி, சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதுவார்கள். பெரும்பாலும் உள்ளே நிற்பது அவள். வெளியே நிற்பது தோழி.

அன்று ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன். செய்தவர் தலைமை அறுவை மருத்துவர். எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். கைக்கு இருந்த பொறுமை அவர் வாய்க்குக் கிடையாது. அன்று வெளியூர் மாநாட்டில் அவர் பேச வேண்டியிருந்தது. வண்டி வாசலில் நின்றது.

"மாப் இருபது. வந்தது பத்தொன்பது. ஒண்ணு குறையுது டாக்டர்."

"திரும்ப எண்ணுங்க."

எண்ணினார்கள். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள்.

"ஒண்ணு குறையுது டாக்டர்."

"உள்ள நான் கையை விட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுமில்ல. தையல் நூல் குடுங்க."

அவள் கொடுக்கவில்லை. நூல் கோத்த ஊசி அவள் கையிலேயே இருந்தது. "ஒண்ணு குறையுது டாக்டர். எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்றாள். குரல் வழக்கம்போல் கணீரென்றுதான் வந்தது.

எக்ஸ்ரே மெஷினை உருட்டிக்கொண்டு வந்து, படம் எடுத்து, அது திரையில் வர நாற்பது நிமிடம் ஆனது. படத்தில் ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துத் துப்புரவுப் பணியாளர் அழுக்குத் துணி மூட்டையைப் பிரித்து, பச்சைப் போர்வையின் மடிப்புக்குள்ளிருந்து அந்த மாப்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்தார். "சிஸ்டர், குறையறது வயித்துக்குள்ள இல்ல. உங்க மண்டைக்குள்ள."

தியேட்டரே சிரித்தது. சத்தமாகச் சிரித்தவன் மயக்க மருந்து டெக்னீஷியன். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. முப்பது வயது இருக்கும். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வாங்கிவருவது அவன்தான். அவன் இருக்கும் இடத்தில் சோர்வு இருக்காது என்று எல்லோரும் சொல்வார்கள், அவளும் சொல்லியிருக்கிறாள். பாட்டுப் போடுவதற்காக அவனுடைய செல்போன் எப்போதும் தலைமாட்டில் இருக்கும். அவள் இரண்டாவது முறை சொன்னபோதே அவன் பாட்டை நிறுத்திவிட்டு ரெக்கார்டரை அழுத்தியிருந்தான்.

மறுநாள் காலை தியேட்டர் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்டிக்கர் வந்தது. மாஸ்க்குக்கு மேலே விழித்துப் பார்க்கும் அவள் கண்கள். கீழே 'ஒண்ணு குறையுது டாக்டர்' என்று எழுத்து. கூடவே அவள் குரல், ஏழு வினாடி. குழுவில் முப்பத்து நான்கு பேர். ஒருவர் பின் ஒருவராகச் சிரித்தார்கள். பெரிய டாக்டரும் கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றைப் போட்டார். பெரியவரே சிரித்தபின் மற்றவர்களுக்கு என்ன தயக்கம்?

அவளும் ஒரு சிரிப்புப் படம் போட்டாள். கோபித்துக்கொண்டால் சின்னத்தனமாகத் தெரியும் என்று நினைத்தாள். பின்னாளில் தன் நடவடிக்கைகளில் அவள் மிகவும் வெட்கப்பட்டது அந்தச் சிரிப்புக்குத்தான்.

ஒரு வாரத்தில் ஓயும் என்று பார்த்தாள். ஓயவில்லை. டீ வந்தால் "ஒண்ணு குறையுது". லிஃப்ட் கதவு மூடினால் "ஒண்ணு குறையுது". அவளுடைய கைக்கு ஆறரை சைஸ் கையுறை வேண்டும். காலையில் வந்து பார்த்தால் ஆறரை சைஸ் பெட்டி மட்டும் இருக்காது. தேடினால் பின்னாலிருந்து யாராவது, "என்ன சிஸ்டர், ஏதாவது குறையுதா?" என்பார்கள். பெட்டி கடைசியில் ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பின்னாலோ கழிப்பறை ஜன்னலிலோ கிடைக்கும். அவளுக்கு 'குறைமதி' என்று பட்டப்பெயர் விழுந்தது. அதை வைத்தது டெக்னீஷியனா, பயிற்சி டாக்டர்களா என்று தெரியவில்லை. ஒரு மாதத்தில் வார்டு ஆயாக்கள்கூட அவள் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் தன் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக மகளோடு எடுத்த ஒரு போட்டோவை வைத்திருந்தாள். மகள் கல்லூரிக்குக் கிளம்பிய முதல் நாள் வாசலில் நின்று எடுத்தது. ஒரு மத்தியானம் அந்தப் போட்டோ குழுவில் வந்தது. அம்மாவும் மகளும் நிற்க, பக்கத்தில் புள்ளி புள்ளியாக ஓர் ஆணின் உருவம் வரைந்து, உள்ளே வெறுமையாக விட்டிருந்தார்கள். கீழே அதே வாசகம்.

அவள் உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டு அதைப் பார்த்தாள். யார் யார் சிரித்திருக்கிறார்கள் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பதினோரு பேர். ஒன்பதாவது பெயர் தோழியுடையது.

தோழி அப்போது அதே அறையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு நீயும் சிரிச்சியாடி?"

தோழி நிமிரவில்லை. "எல்லாரும் போட்டாங்க. நான் மட்டும் போடலன்னா அடுத்து என்னைத்தான் இழுப்பாங்க. உனக்கே தெரியும்ல."

"அவரை எடுத்துட்டுப் போகும்போது நீ கூட வந்தேடி."

"வந்தேன்தான். இப்ப என்ன செய்யச் சொல்ற? விடு. கண்டுக்காம இருந்தா தானா அடங்கும்."

அவள் தலைமை நர்ஸிடம் போனாள். மேட்ரன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போட்டோவைப் பார்த்தார். "சேச்சே" என்றார். பிறகு, "யார் போட்டதுன்னு பார்த்தா, அந்த டெக்னீஷியன் அவனா வரையல, எங்கிருந்தோ வந்ததை அனுப்பியிருக்கான். இதை எழுத்துல குடுத்தா பெரிய டாக்டர் பேரும் வரும். தேவையாம்மா? விளையாட்டுக்குப் பண்றாங்க. பேசாம அந்தக் குரூப்லேர்ந்து வெளிய வந்துடு" என்றார்.

அன்றே வெளியே வந்தாள். 'வெளியேறினார்' என்று குழுவில் வந்த வரிக்குக் கீழே, 'இப்போ நிஜமாவே ஒண்ணு குறையுது' என்று யாரோ எழுதியதாகக் கேள்விப்பட்டாள். மூன்றாம் நாள் காலை வழக்கமான நேரத்துக்குப் போனபோது தியேட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் முன்னதாக ஆரம்பிக்கிறது என்று குழுவில்தான் போட்டிருந்தார்கள். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு காகிதம் வந்தது. டியூட்டி பட்டியல் வருவதே அந்தக் குழுவில்தான். வேறு வழியில்லாமல் டெக்னீஷியனிடம் போய், "என்னைத் திரும்பச் சேர்த்துடு தம்பி" என்று கேட்டாள்.

"அச்சச்சோ, என்ன சிஸ்டர் நீங்க! சொல்லணுமா?" என்று அவள் எதிரிலேயே சேர்த்தான். ஒருவர் பின் ஒருவராக அவளை வரவேற்று அந்த ஸ்டிக்கரைப் போட்டார்கள்.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. சொல்லாமலே வீட்டுக்குத் தெரிந்தது. ஒரு நாள் மாலை மகள் பையைக்கூட இறக்காமல் வந்து எதிரே நின்றாள்.

"அம்மா, நீ தியேட்டர்ல 'ஒண்ணு குறையுது டாக்டர்'னு சொன்னியா?"

அடுப்பை அணைத்துவிட்டு அவள் திரும்பினாள். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பஸ்ல எனக்கு முன் சீட்டுல ஒருத்தி போன்ல ஓடுச்சு. தாளம் போட்டு, பாட்டாக்கி வெச்சிருக்காங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேம்மா. அப்புறம்தான் இது எங்கயோ கேட்ட குரலா இருக்கேன்னு..."

'ஆஸ்பத்திரிக் கூத்து' என்று ஒரு பக்கம். நடத்துவது யார் என்று தெரியாது. மருத்துவமனை ஆட்களுக்கு மட்டுமே புரிகிற சமாச்சாரங்களாகப் போட்டிருந்தார்கள். அவள் குரலை வெட்டி ஒட்டி, 'குறைமதி' என்ற பெயரில் பாட்டாக்கியதை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர் வேறு வேறு ஊர் நர்ஸுகள், டாக்டர்கள். 'எங்க தியேட்டர்லயும் ஒரு குறைமதி இருக்கு' என்று ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள். அதை அவள் இரண்டு மூன்று முறை படித்தாள்.

மகள் அன்றிலிருந்து எல்லாவற்றையும் படம் பிடித்துச் சேர்க்க ஆரம்பித்தாள். "வேணாம், விட்டுடு" என்றாள் அம்மா. "நீ விடு. நான் விடமாட்டேன்" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கிப்போனது. தியேட்டரில் வாய்க்குள்ளேயே எண்ணினாள். எட்டாம் எண்ணுக்கு வரும்போது ஏழை எண்ணினோமா என்று சந்தேகம் வரும். மறுபடி ஆரம்பிப்பாள். "சத்தமா சொல்லுங்க சிஸ்டர், உங்களுக்கா குரல் இல்ல!" என்பார் பெரிய டாக்டர்; டெக்னீஷியன் தலைமாட்டில் அந்தப் பாட்டின் தாளத்தை விரலால் தட்டுவான். வீட்டில் மாடிப்படிகளை எண்ணினாள். காயப்போட்ட துணிகளை எண்ணினாள். எண்ணிக்கை சரியாக வந்தாலும் இன்னொரு முறை எண்ணினாள். வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஆள் பற்றாக்குறை என்று பதில் வந்தது.

ஏழாவது மாதம், ஒரு காலை பதினோரு மணிக்கு, குடல் அடைப்போடு ஒரு பெண் வந்தாள். தையற்கடை வைத்திருப்பவள். மேசையில் படுக்க வைத்தபோது, "சீக்கிரம் முடிஞ்சிடுமா சிஸ்டர்? கடையைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேன்" என்று கேட்டாள். உள்ளே நிலைமை நினைத்ததைவிட மோசமாக இருந்தது. ரத்தம் நிற்கவில்லை. மாப் மேல் மாப்பாகக் கேட்டார் டாக்டர். மூன்று மணி நேரம். எல்லோருக்கும் இடுப்பு ஒடிந்தது.

மூடும் முன் எண்ணினார்கள். போனது இருபத்தைந்து. வந்தது இருபத்து நான்கு.

அவள் தோழியைப் பார்த்தாள். தோழியும் அதைத்தான் எண்ணியிருந்தாள் என்பது கண்ணிலேயே தெரிந்தது. தலைமாட்டில் டெக்னீஷியன் வாய்க்குள் அந்தப் பாட்டை முனக ஆரம்பித்தான். அவன் எதையும் அறிந்து முனகவில்லை, பழக்கம், அவ்வளவுதான்.

"கணக்கு சரியா?" என்றார் பெரிய டாக்டர், நிமிராமல்.

போனமுறை போலப் போர்வை மடிப்பில்தான் இருக்கும், மூடினவுடன் மூட்டையைப் பிரித்துத் தேடி எடுத்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அந்த ஒரு கணத்தில் அவள் மனம் சொன்னது. பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் சொல்லாத ஒன்றை அவள் சொன்னாள்.

"சரி டாக்டர்."

தோழி பலகைப் பக்கம் திரும்பி இருபத்தைந்து என்று எழுதினாள்.

நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போனதும் அவள் அழுக்குத் துணி மூட்டையைத் தரையில் கொட்டினாள். போர்வை ஒவ்வொன்றாக உதறினாள். வாளிகளைக் கவிழ்த்தாள். குப்பைப் பையைக் கத்தரியால் கிழித்தாள். தன் செருப்பின் அடியைக்கூடப் பார்த்தாள். தோழி கதவருகே நின்று, "கிடைச்சுதா? கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"எங்கயாவது போயிருக்கும்டி. பேசாம இரு. உனக்குப் பொண்ணு இருக்கா, எனக்கு ரெண்டு பேர் இருக்காங்க" என்றாள் தோழி.

முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவள் எழுந்து நோயாளி மயக்கம் தெளியும் அறைக்கு நடந்தாள். தையற்கடைக்காரி கண்ணைத் திறந்து, உதட்டை நக்கிக்கொண்டு தண்ணீர் கேட்டாள். பக்கத்தில் மயக்க மருந்து டாக்டரம்மா குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனுஷி. இத்தனை மாதமும் எதற்கும் சிரித்ததில்லை, எதையும் தடுத்ததும் இல்லை.

"மேடம், இவங்க வயித்துக்குள்ள ஒரு மாப் இருக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "நிச்சயமா தெரியுமா?"

"தெரியும். அப்பவே தெரியும்."

எக்ஸ்ரேயில் கல்லீரலுக்குக் கீழே அந்த நீலக் கோடு வெள்ளைப் புழுவாகச் சுருண்டு கிடந்தது. மறுபடி மயக்க மருந்து கொடுத்து, போட்ட தையலை வெட்டித் திறந்தார்கள். பெரிய டாக்டர் அதை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார். அவர் கத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை.

"ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டார்.

டெக்னீஷியன் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று தியேட்டரில் பாட்டு இல்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தோழி எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், உள்ளே நின்ற நர்ஸ் சொன்ன எண்ணைத்தான் பலகையில் எழுதினேன், தானாக எதையும் எண்ணவில்லை என்று இருந்தது. அதை அவளிடமே படித்துக் காட்டினார்கள். மறுக்கிறாயா என்று கேட்டார்கள். "அவங்க எழுதினது அவங்களோட" என்று மட்டும் சொன்னாள்.

மகள் சேர்த்த படங்களை அச்சடித்து ஒரு கோப்பில் போட்டு அவள் கையில் திணித்திருந்தாள். இருநூறு பக்கத்துக்கு மேல். தலைவராக உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற டாக்டர் முதல் பத்துப் பக்கத்தைப் புரட்டினார். புள்ளி உருவம் போட்ட போட்டோவில் கொஞ்சம் நின்றார். பிறகு கோப்பை மூடினார்.

"இது வேற விஷயம்மா. வருத்தமான விஷயம்தான். ஆனா இதுக்கும் அந்த மாப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"என்னைக் காப்பாத்திக்க இதைக் கொண்டுவரல சார். நான் சொன்னது பொய். தெரிஞ்சே சொன்னேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா அந்த வார்த்தை வாய்ல வரல சார். உயிரே போனாலும் வராத மாதிரி ஆக்கி வெச்சிருந்தாங்க. நாளைக்கு என் இடத்துல நிக்கிறவளுக்கும் வராது. அதுக்குத்தான் கொண்டுவந்தேன்."

அவளுக்கு மூன்று மாதம் தற்காலிகப் பணிநீக்கம். டெக்னீஷியனுக்கு எழுத்தில் எச்சரிக்கை. பெரிய டாக்டருக்கு அறிவுரை. வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தார்கள். அதே வாரம் வேறு பெயரில் புதுக் குழு ஆரம்பித்தார்கள், அவள் இல்லாமல். மயக்க மருந்து டாக்டரம்மா மட்டும் தியேட்டருக்குள் யார் செல்போனும் வரக்கூடாது என்று எழுதிக் கதவில் ஒட்டினார். அதற்காக அவரோடு பலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்று கேள்வி.

தையற்கடைக்காரியிடம் என்ன சொன்னார்கள்? லேசாக ரத்தக் கசிவு இருந்தது, அதனால் மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தோம் என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்று மாதம் கழிந்து வேலைக்குத் திரும்பியபோது அவளைப் புறநோயாளிப் பிரிவில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் போட்டார்கள். முதல் வாரத்திலேயே தையற்கடைக்காரி வந்தாள். இரண்டு முறை திறந்த வயிறு சரியாக ஆறவில்லை. ஓரத்தில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. அவள் மாஸ்க்கோடுதான் இருந்தாள். கட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, மருந்து வைத்து, புதுக் கட்டுப் போட்டு முடித்தாள். சட்டையை இறக்கிக்கொண்டு அந்தப் பெண், "உங்க கை மெத்துன்னு இருக்கு சிஸ்டர். போனமுறை போட்டவங்க உயிரை எடுத்துட்டாங்க" என்றாள்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தன்னைக் கேலி செய்ததைச் சொல்லவில்லை. மாப் குறைந்ததையும், சரி என்று சொன்னதையும், முப்பத்தைந்து நிமிடத்தையும் மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண் கட்டின் மேல் கையை வைத்தாள்.

"என்கிட்ட ரத்தக் கசிவுன்னாங்க."

"இல்லம்மா."

"இப்ப நான் மெஷின்ல அரை மணி உக்கார முடியல. இப்ப வந்து சொல்ற. சொன்னா உன் மனசு லேசாயிடும். எனக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். கதவருகே நின்று, "நாளைக்குக் கட்டுப்போட வேற ஆள் இருக்கச் சொல்லு" என்றாள்.

தையற்கடைக்காரி புகார் கொடுத்தாள். மருத்துவமனை மேல், பெரிய டாக்டர் மேல், கட்டுப்போட்ட இந்த நர்ஸ் மேல். ரகசியத்தை வெளியே சொன்னதற்காக மருத்துவமனை இவளை வேலையிலிருந்தே நீக்கியது. நர்ஸுகளுக்கான பதிவும் ஒரு வருடம் நிறுத்திவைக்கப்பட்டது. 'ஆஸ்பத்திரிக் கூத்து' பக்கத்தில் அந்த வாரம் முழுக்க அவள்தான். அவள் பார்க்கவில்லை. மகளும் பார்ப்பதை விட்டிருந்தாள்.

இப்போது படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு வயதான மனிதரைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். நர்ஸாக அல்ல, உதவிக்கு. புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. பேச்சுப்போன மனிதர். அந்த வீட்டில் அவள் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். முதல் சில வாரம் குரல் நடுவில் அடைத்தது. இப்போது அடைப்பதில்லை என்கிறாள் மகள்.

வழக்கு நடக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் அவள் போய்விடுகிறாள். மருத்துவமனை வக்கீல் அவளிடம், "இருபத்தைந்து எண்ணியதாகத்தான் நினைவு" என்று சொன்னால் போதும், பதிவைத் திரும்ப வாங்கித் தருகிறோம் என்று இரண்டு முறை ஆள் அனுப்பினார். இருபத்து நான்கு என்றே சொல்லிவருகிறாள்.

நான்காவது தேதியில் உள்ளே கூப்பிட நேரமானது. தாழ்வாரத்தில் இருந்தது ஒரே பெஞ்சு. ஒரு முனையில் தையற்கடைக்காரி வயிற்றுக்கு இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். இவள் சுவரோரம் நின்றாள். ஒரு மணி நேரம் ஆனது. கால் மாற்றி நின்றாள்.

"உக்காரேன். நின்னு யாருக்கு என்ன ஆகப்போகுது" என்றாள் அந்தப் பெண், முகத்தைப் பார்க்காமல்.

அவள் மறுமுனையில் உட்கார்ந்தாள். உள்ளே பியூன் வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டான்.

"போனமுறை உன்கூட வந்த பொண்ணு என்ன படிக்குது?"

"கணக்கு. ரெண்டாவது வருஷம்."

அந்தப் பெண் 'ம்' என்றாள். அவர்கள் முறை வர மத்தியானம் ஆனது. உள்ளே போனதும் அடுத்த மாதத்துக்குத் தேதி தள்ளிப்போட்டார்கள்.